விலங்குக் கதைப்பாட்டை அலகிட்டு ஆராய்வது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகத் தமிழில் பட்டப்படிப்பு படித்தபோது, எனக்கு ஓர் இடுபணி தரப்பட்டது. விலங்குகள் பேசும் கதைப்பாட்டு ஒன்றை எடுத்து, அதன் யாப்பு, எதுகை மோனை, மீண்டு வரும் சொற்கள் ஆகியவற்றை ஆராய்ந்து 15 பக்கத்தில் எழுதித் தரவேண்டும். ஆறு வாரம் உழைத்துக் கொடுத்தேன். "அட்டவணை இருக்கிறது, ஆய்வு இல்லை, அட்டவணையும் பிழை" என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. இரண்டாம் முறை 19 நாளில் முடித்தேன். எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழ் இலக்கியத்தைத் தனிப் பாடமாக எடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே தாமாகப் படிக்கும் மாணவர்களும், என்னைப்போல் வேலைக்கு நடுவே படிப்பவர்களும் அந்த ஆறு வாரத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இடுபணிக்கு வந்த பாட்டு இன்னொருவருடையது. ஆகவே விளக்கத்துக்காக, இந்த நாட்டில் சாங் கஞ்சில் கதையென்று எல்லாக் குழந்தைகளும் அறிந்த சருகுமான் கதையை மூன்று பாடல்களாக நானே கட்டியிருக்கிறேன். கீழே வரும் எல்லா எடுத்துக்காட்டுகளும் இவற்றிலிருந்தே வருகின்றன.

ஆற்றங் கரையில் நின்றதொரு
அஞ்சா நெஞ்சச் சருகுமானாம்
சேற்றுக் கப்பால் பழக்குலைகள்
சிவந்து சிவந்து கனிந்திருக்கும்
மாற்று வழியோ கிடையாது
முதலைக் கூட்டம் நீர்முழுதும்
தோற்று விடுமோ அதனறிவு?
துள்ளி வந்து சொன்னதுபார்!

அரசன் விருந்து தருகின்றான்
ஆளை எண்ணி வரச்சொன்னான்
வரிசை யாகக் கரைமுதலாய்
வந்து மிதந்து நில்லுங்கள்
இரைக்குக் குறைவே இருக்காது
என்னை மட்டும் தொடவேண்டாம்
முரசு கொட்டிச் சொல்கின்றேன்
முதலை எல்லாம் மயங்கினவே!

ஒன்றின் முதுகில் ஒருபாய்ச்சல்
எண்ணி எண்ணித் தாவியதே
இரண்டின் முதுகில் மறுபாய்ச்சல்
எண்ணி எண்ணித் தாவியதே
மூன்றின் முதுகில் முழுப்பாய்ச்சல்
எண்ணி எண்ணித் தாவியதே
கரையின் மேலே கடைப்பாய்ச்சல்
எண்ணிப் பார்த்துச் சிரித்ததுவே!

1. சரியான படியைத் தேடி எடுங்கள்

என் முதல் முயற்சி கெட்டது இந்த இடத்தில்தான். மரபுப் பாட்டுகள் அச்சில் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. ஒன்று சீர் பிரித்த படி, மற்றொன்று படிப்பவருக்குப் பொருள் எளிதில் விளங்கட்டும் என்று சந்தி பிரித்த படி. பள்ளிப் பயிற்சித் தாள்களிலும் நகலெடுத்துக் கைமாறும் குறிப்புகளிலும் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். பொருளை அறிய அது நல்ல துணை, ஆனால் அலகிடுவதற்கு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்து அளப்பதற்கு, அது உதவாது.

ஏன் உதவாது என்பதை ஓர் அடியில் பாருங்கள். "சேற்றுக் கப்பால் பழக்குலைகள்" என்பது சேற்/றுக், கப்/பால், பழக்/குலை/கள் என்று பிரிந்து தேமா, தேமா, கருவிளங்காய் ஆகிறது (இந்தப் பெயர்களின் விளக்கம் 3, 4ஆம் பகுதிகளில் வரும்). இதையே "சேற்றுக்கு அப்பால் பழக்குலைகள்" என்று அச்சிட்டால் சேற்/றுக்/கு, அப்/பால் என்றாகி, முதற்சீர் தேமாங்காயாக மாறிவிடுகிறது. "நின்றதொரு" என்பதை "நின்றது ஒரு" என்று பிரித்தால் ஆறு சீர் அடி (இந்தப் பாட்டில் இரண்டு வரி சேர்ந்தது ஓர் அடி) ஏழு சீராகிறது. எதிர்த்திசையிலும் பிழை நேரும். "வரிசை யாக" என்று இரு சீராக நிற்பதை "வரிசையாக" என்று சேர்த்துவிட்டால் அடியில் ஐந்து சீர்தான் மிஞ்சும். இப்படிப்பட்ட படியை வைத்துக்கொண்டு, "கவிஞர் இவ்விடத்தில் யாப்பை மீறுகிறார்" என்று நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். யாப்பை மீறியவர் கவிஞர் அல்லர், அச்சுக்கோத்தவர்.

ஆகவே, வேலையைத் தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை: பாட்டின் இரண்டு வெவ்வேறு அச்சுப் படிகள், ஒவ்வொன்றின் தலைப்புப் பக்கமும் பதிப்பு ஆண்டுள்ள பக்கமும் நகலாக, ஒரு நல்ல அகராதி, ஒரு யாப்பிலக்கணக் கைந்நூல். பதிப்பு ஆண்டுள்ள பக்கத்தை முதல் நாளே நகலெடுத்துவிடுங்கள். நூலைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்த ஒரு பக்கத்துக்காக நான் மறுபடியும் ஈப்போவுக்குப் பேருந்து ஏறினேன். பழைய பாட்டாக இருந்தால் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் செலவில்லாமல் தேடலாம். எனக்குச் சீர் பிரித்த படி கிடைத்தது, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டு அலமாரியில். உங்கள் பட்டணத்திலும் அப்படி ஓர் அலமாரி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சந்தி பிரித்த படி மட்டுமே கிடைத்தால், நீங்களே புணர்த்திச் சீர் பிரித்து, எந்தெந்த இடத்தில் புணர்த்தினீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2. கையால் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள்

ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, பாட்டு முழுவதையும் உங்கள் கையால் எழுதுங்கள். அலகிடும் குறியும் வாய்பாடும் (தேமா, புளிமா போன்ற சீர்ப்பெயர்) அந்த இடைவெளியில் வரும். எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள். கூடுமானால் இன்னொருவரைத் தாளம் தட்டச் சொல்லுங்கள்.

என் பாட்டி இளமை முழுவதும் பால்மரம் சீவியவர், எழுத்தறியாதவர். மாலையில் அவர் சிறிய இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். சீருக்கு ஓர் இடி விழுந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் உலக்கை அந்தரத்தில் நின்றது. "இந்த இடத்துல இடறுதே கண்ணு, திரும்பப் படி" என்றார். அப்படி ஐந்து இடங்கள் கிடைத்தன. ஐந்திலும் பென்சிலால் குறித்துக்கொண்டேன். நான்கில் சந்தி பிரிக்கப்பட்டிருந்தது. ஐந்தாவதில் நகலெடுத்தபோது ஓரத்துச் சொல் ஒன்று விடுபட்டிருந்தது. அலகிடத் தொடங்காமலேயே ஐந்து பிழைகள் பிடிபட்டன. இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

3. அசை பிரியுங்கள்

விதி சிறியது. குறில் தனித்தோ ஒற்றோடோ, நெடில் தனித்தோ ஒற்றோடோ வந்தால் நேரசை. இரு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ, இவை ஒற்றோடு சேர்ந்தோ வந்தால் நிரையசை. "துள்ளி வந்து சொன்னதுபார்" என்பது துள்/ளி, வந்/து, சொன்/னது/பார் என்று பிரியும். ஒவ்வொரு சீரையும் அதன் எல்லைக்குள்ளேயே பிரிக்கவேண்டும். அடுத்த சீரிலிருந்து எழுத்தைக் கடன் வாங்கக்கூடாது.

தொடங்குபவர்கள் வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒற்றை எண்ணிவிடுவது. ஒற்று முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு ஒற்று வந்தாலும் அப்படியே. "பார்த்து" என்பது பார்த்/து, இரண்டே அசை. இரண்டாவது, குறிலைத் தனியே விட்டுவிடுவது. "சிவந்து" என்பதை நான் சி/வந்/து என்று மூன்றாக வெட்டியிருந்தேன். ஒரு சீருக்குள் குறிலை அடுத்து உயிரேறிய எழுத்து வந்தால் இரண்டும் சேர்ந்தே நிரையாகும், ஆகவே சிவந்/து என்பதே சரி. மூன்றாவது, ஐகாரம். சொல்லின் முதலில் நெடிலாக நிற்கும் ஐகாரம், இடையிலும் இறுதியிலும் குறுகும். "வாழையிலை" என்பதில் ழை குறிலாக நின்று யியோடு சேர, வா/ழையி/லை என்று மூன்று அசை வரும். இதை மறந்தால் வா/ழை/யிலை என்று பிரிந்து, கூவிளங்காய் தேமாங்கனியாக மாறிவிடும்.

சில பழைய நூல்களில் நேர்பு, நிரைபு என்று மேலும் இரண்டு அசைகள் காணப்படும். அது தொல்காப்பிய முறை. விருத்தத்துக்கு (அளவொத்த நான்கு அடிகளில் வரும் பாவகைக்கு) நேர், நிரை இரண்டு போதும். இரு முறைகளையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தால் அசை, சீர், தளை (சீரும் சீரும் இணையும் முறை), தொடை (எதுகை, மோனை, இயைபு போன்றவை) எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். கையால் முடித்த பிறகு சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். நீங்கள் விட்ட இடைவெளியையே அது சீரின் எல்லையாக எடுத்துக்கொள்வதால், பிழையான படியைக் கொடுத்தால் பிழையான விடையையே பிசகாமல் தரும்.

4. சீருக்கு வாய்பாடு எழுதி, அடியின் அமைப்பைக் கண்டுபிடியுங்கள்

ஈரசைச் சீர்கள் தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கூவிளம் (நேர் நிரை), கருவிளம் (நிரை நிரை) என நான்கு. அவற்றின் இறுதியில் நேர் சேர்ந்தால் காய்ச்சீர், நிரை சேர்ந்தால் கனிச்சீர். முழு வாய்பாட்டையும் சீருக்கு மேலே எழுதுங்கள், ஓரத்தில் மா, விளம், காய், கனி என்று சுருக்கியும் எழுதுங்கள். ஓரத்துச் சுருக்கத்தில்தான் அமைப்பு கண்ணுக்குப் புலப்படும். மேலுள்ள பாட்டில் அது "மா மா காய், மா மா காய்" என்று எல்லா அடியிலும் வருகிறது. அச்சில் 24 வரி இருந்தாலும் அடிகள் 12 தான். இரண்டு வரி சேர்ந்தது ஓர் அடி. ஆறு சீர் கொண்ட, அளவொத்த நான்கு அடிகள் என்பதால் இது அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம். வரியை அடியென்று எண்ணி, "எட்டடிப் பாடல்" என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

விருத்தத்தில் தளை தேடி நாளைப் போக்காதீர்கள். வெண்பாவுக்கு வெண்டளை கட்டாயம், விருத்தத்துக்குச் சீர்களின் வரிசை ஒத்து வந்தால் போதும். தளைக் கணக்குப் போட்டு நான் ஒன்பது நாள் இழந்தேன். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூடப் பயன்படவில்லை.

மாறாக, ஒரு படி உள்ளே இறங்கிப் பாருங்கள். எல்லாம் காய்ச்சீர்தான் என்றாலும் மாங்காயா விளங்காயா என்று பிரித்து எண்ணுங்கள். முதற்பாட்டின் எட்டுக் காய்ச்சீர்களில் ஏழு விளங்காய், "கிடையாது" ஒன்றுதான் மாங்காய். மான் பேசும் இரண்டாம் பாட்டில் ஆறு மாங்காய், இரண்டே விளங்காய். ஆற்றையும் பழத்தையும் காட்டும்போது நீண்டு ஓடிய ஓசை, பொய் சொல்லத் தொடங்கியதும் "தருகின்றான், வரச்சொன்னான், தொடவேண்டாம்" என்று இறுகிவிடுகிறது. மூன்றாம் பாட்டில் பாய்ச்சல் மாங்காயாகவும் தாவல் விளங்காயாகவும் மாறி மாறி நான்கும் நான்கும் வருகின்றன. கதையின் மூன்று நிலைகளும் காய்ச்சீரிலேயே பதிந்திருப்பதை இப்படி எண்ணினால்தான் காணமுடியும்.

5. எதுகை, மோனை, இயைபு

மலேசிய மாணவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. நாம் பள்ளியில் மலாய்ப் பந்துனையும் ஆங்கிலக் கவிதைகளையும் படித்து வளர்கிறோம். பந்துனில் 1, 3ஆம் வரிகளும் 2, 4ஆம் வரிகளும் ஈற்றில் ஒலி ஒத்து நிற்கும். அந்தப் பழக்கத்தில் தமிழ்ப் பாட்டையும் கடைசியிலிருந்து பார்க்கத் தொடங்கி, "எதுகை இல்லை" என்று எழுதிவிடுகிறோம். தமிழ் எதுகை அடியின் தலையில் இருக்கிறது. ஈற்றில் ஒன்றுவது இயைபு.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்துகள் குறிலாகவோ நெடிலாகவோ அளவொத்திருக்கவும் வேண்டும். ஆற்றங், சேற்று, மாற்று, தோற்று ஆகியவை குறையில்லாத அடியெதுகை. அரசன், வரிசை, இரைக்கு, முரசு என்பவற்றில் ர, ரி, ரை என்று உயிர் மாறுவதால் அது வருக்க எதுகை. ஒன்றின், மூன்றின் இரண்டிலும் னகர ஒற்று இருந்தாலும் ஒ குறில், மூ நெடில், ஆகவே எதுகை அன்று. இதை எதுகையென்று எழுதி எனக்கு மதிப்பெண் போயிற்று.

மோனையை இந்த அமைப்பில் முதற்சீரிலும் நான்காம் சீரிலும் தேடுங்கள். ஆற்றங்–அஞ்சா, சேற்றுக்–சிவந்து, தோற்று–துள்ளி ஆகியவை இன எழுத்து மோனை. மாற்று–முதலை என்பது வருக்க மோனை. இரைக்கு–என்னை என்பதை விட்டுவிடாதீர்கள். இ, ஈ, எ, ஏ நான்கும் ஓரினம்.

முதல் இரண்டு பாட்டில் எட்டு அடியிலும் மோனை பொருந்தியிருக்க, மூன்றாம் பாட்டில் இரண்டாம் அடியில் மட்டுமே அந்த இடத்தில் அது கிடைக்கிறது. எதுகையும் தளர்கிறது. குறையென்று எழுதுமுன், அந்த இடத்தை எது பிடித்துக்கொண்டது என்று பாருங்கள். அடியின் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வந்து நிற்கின்றன, ஈற்றில் ஒரே சொல் மூன்று முறை வருகிறது. எதுகையும் மோனையும் செய்யவேண்டிய வேலையை எண்களும் மீண்டு வரும் சொல்லும் எடுத்துக்கொண்டன.

6. மீண்டு வரும் சொற்களைப் பின்தொடருங்கள்

இதற்கு மூன்று வண்ணப் பென்சில்கள் வேண்டும். உடனே அடுக்கி வரும் சொல்லுக்கு ஒன்று, மீண்டு வரும் அரையடிக்கு ஒன்று, பாட்டின் வெவ்வேறு இடங்களில் திரும்பி வரும் தனிச்சொல்லுக்கு ஒன்று. "ஒரு", "என்று" போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இயல்பாக எல்லாப் பேச்சிலும் வருபவை அவை.

"எண்ணி" என்ற சொல் இந்தப் பாட்டில் எட்டு முறை வருகிறது. எட்டு என்று எழுதுவதோடு என் முதல் கட்டுரை நின்றுவிட்டது. அந்த எட்டையும் வரிசையாக நிறுத்திப் படியுங்கள். முதலில் அரசன் பெயரால் வருகிறது: "ஆளை எண்ணி வரச்சொன்னான்." பிறகு "எண்ணி எண்ணித் தாவியதே" என்று மூன்று முறை. இதுவரை கணக்கிடுதல் என்ற ஒரே பொருள், ஆகவே சொற்பொருள் பின்வருநிலை (முன் வந்த சொல்லே மீண்டும் வரும் அணியின் ஒரு வகை). கடைசி அடியில் "எண்ணி எண்ணி" வருமென்று காது காத்திருக்க, "எண்ணிப் பார்த்து" என்று வருகிறது. இங்கே எண்ணுதல் நினைத்தலாகிறது. சொல் அதுவே, பொருள் வேறு, ஆகவே சொல் பின்வருநிலை. கணக்கெடுப்பதாகச் சொன்ன மான் எண்ணியது வேறொன்று என்பது அந்த ஒரு சொல் மாறும் இடத்தில் வெளிப்படுகிறது. அதே அடியில் "முதுகில்" என்பதும் மறைந்து "மேலே" வருகிறது, ஏனெனில் காலடியில் இப்போது கரைதான் இருக்கிறது.

மீட்சியைத் தேடும்போது நின்றுபோன சொல்லையும் தேடுங்கள். "முதலை" முதற்பாட்டில் கூட்டமாக நீர் முழுதும் நிறைந்திருக்கிறது, இரண்டாம் பாட்டில் மயங்குகிறது, மூன்றாம் பாட்டில் அந்தச் சொல்லே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களாகிவிட்டன முதலைகள். இதை நான் இரண்டாம் முயற்சியின் பதினோராம் நாளில்தான் இடுபணிப் பாட்டில் இதேபோன்ற ஓரிடத்தில் கற்றுக்கொண்டேன். கட்டுரை தேறியது அந்தப் பத்தியால்தான் என்று நம்புகிறேன்.

மலாய் மொழியில் இந்தக் கதையைச் சொல்லும்போதும் எண்ணும் இடத்தில் ஒரு சிறு பாட்டு வரும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டில் இல்லாத தாளத்தை ஏற்றிச் சொல்லாதீர்கள். ஒப்பிட விரும்பினால் தனிப் பத்தியில் செய்யுங்கள்.

7. எழுதும் முறை

அட்டவணைகளைப் பின்னிணைப்பில் வையுங்கள். கட்டுரையில் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் மூன்று செய்திகள் போதும்: எந்த அடி, என்ன அமைப்பு, அந்த நேரத்தில் கதையில் என்ன நடக்கிறது. "மூன்றாம் பாட்டில் பின்வருநிலையணி வந்து ஓசையின்பம் சேர்க்கிறது" என்ற வாக்கியத்தை எந்தப் பாட்டுக்கும் ஒட்டலாம், ஆகவே அது எந்தப் பாட்டையும் விளக்குவதில்லை. "மான் ஒவ்வொரு முதுகாகத் தாண்டும் மூன்று அடியிலும் ஒரே அரையடி மீள்கிறது; அது கரை சேரும் அடியில் மட்டும் மாறுகிறது" என்ற வாக்கியம் இந்தப் பாட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிச் சோதித்தால் 15 பக்கம் ஒன்பதாகச் சுருங்கும். சுருங்கட்டும்.

8. நாளும் செலவும்

இரண்டாம் முயற்சியில் எனக்கு ஆன நாள்: படிகள் தேட 6, கையால் எழுதிப் படித்துப் பார்க்க 2, அலகிட 3, தொடைக்கும் மீட்சிக்கும் 4, எழுத 4. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த கணக்கு இது. அலகிடுவதை ஒரே இரவில் முடிக்க முயலாதீர்கள். களைத்த கண்ணுக்குக் குறிலும் நெடிலும் ஒன்றாகத் தெரியும்.

செலவு: நகல் 34 பக்கம், பக்கத்துக்கு 20 சென் வீதம் 6 ரிங்கிட் 80 சென். நோட்டுப் புத்தகம் 3 ரிங்கிட், வண்ணப் பென்சில் 7 ரிங்கிட், இரண்டு படி அச்செடுக்க 15 ரிங்கிட், கட்ட 4 ரிங்கிட். ஆக 35 ரிங்கிட் 80 சென். ஈப்போ போய்வந்த பேருந்துச் செலவு தனி.

தட்டச்சுக்குக் கடையில் கொடுப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். தட்டச்சு செய்தவர் மிக நல்ல மனத்தோடு என் மேற்கோள்களில் இருந்த "பிழைகளை" எல்லாம் திருத்தி, பிரிந்து நின்ற சீர்களைச் சேர்த்தும் சேர்ந்து நின்றவற்றைப் பிரித்தும் வைத்திருந்தார். அச்செடுப்பதற்கு முன் கையெழுத்துப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேற்கோள் அடிகளை மட்டும் சீர் சீராகத் திரையில் சரிபாருங்கள். எனக்கு அதற்கு 40 நிமிடம் ஆயிற்று, 17 இடங்களைத் திரும்பப் பழையபடி மாற்றவேண்டியிருந்தது.